ஹார்ட் ஹவுஸ் சுவரிலிருந்து: ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தின் நூறாண்டு

வன்னியில் வயல் செய்த குடும்பங்களில் மெசி பேர்குசன் உழவு இயந்திரத்தை அறியாதவர் இல்லை. தமிழ்நாட்டவர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானதே. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் அந்த இயந்திரத்தைத்தான் செய்து ஊர் ஊராக விற்றது. அப்பெயரின் முற்பாதி ஒன்ராறியோவைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு உரியது. விவசாயக் கருவிகள் செய்து பெரும் பொருள் ஈட்டியவர் ஹார்ட் மெசி. அவர் நினைவாக, அவருடைய பேரன் வின்சென்ற் மெசி முன்னின்று நம் பல்கலைக்கழகத்துக்கு எழுப்பிக் கொடுத்த மாளிகையே ஹார்ட் ஹவுஸ். நமது கலை அருங்காட்சியகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தால் அந்தக் கற்சுவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1911இல் கட்டட வேலை தொடங்கியது. ஹென்றி ஸ்புறோற், ஏர்னெஸ்ற் றொல்ஃப் என்ற இரு கட்டடக் கலைஞர்கள், இங்கிலாந்தின் பழைய கல்லூரிகளை மனதில் வைத்துக் கூர்வளைவுச் சாளரங்களும் உயர்ந்த மரக்கூரையுமாக அதை வரைந்தார்கள். வேலை பாதியில் நிற்கையில் முதலாம் உலகப் போர் மூண்டது. கூரை ஏறாத மண்டபங்களில் மாணவர்களுக்கு வாசிப்பறை அமையும் முன்னரே படைப் பயிற்சி அமைந்துவிட்டது. பின்னாளில் நாடக அரங்காக மாறிய நிலத்தடி மண்டபத்தில் அப்போது துப்பாக்கி சுடப் பழக்கினார்கள்.

அந்தப் பயிற்சி ஆசிரியர்களில் ஒருவர் லோரன் ஹரிஸ். மெசி குடும்பத்தின் தொழிலோடு 1891இல் இணைந்து மெசி-ஹரிஸ் நிறுவனமாகிய அதே ஹரிஸ் குடும்பத்துப் பிள்ளை அவர். தொழிலைப் பார்க்காமல் தூரிகையைப் பிடித்தவர். அவருடைய தம்பி ஹவார்ட் 1918இல் போர்க்களத்தில் இறந்தார். ஹரிஸ் அதே ஆண்டு உடல்நலம் குன்றிப் படையிலிருந்து விலகினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, கனடிய ஓவியத்தின் போக்கையே மாற்றிய எழுவர் குழுவை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். 1930இல் அவர் தீட்டிய தனித்த சிகரம் என்னும் ஓவியம், நீலமும் வெண்மையுமாக முக்கோணமாய் எழுந்து நிற்கும் ஒரு மலை, இன்று ஹார்ட் ஹவுஸ் தொகுப்பின் பெருமைகளுள் ஒன்று. சுடக் கற்றுக்கொடுத்த வீட்டுக்கே அவர் ஓவியமாகத் திரும்பி வந்ததை நினைக்கும்போது, வரலாறு சில வேளைகளில் புனைகதைக்காரரைவிடத் திறமையாகக் கதை கட்டுகிறது என்றே தோன்றும்.

போர் ஓய்ந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1919 நவம்பர் 11ஆம் திகதி, ஹார்ட் ஹவுஸ் திறந்துவைக்கப்பட்டது. அதை ஒட்டி எழுந்த போர்வீரர் கோபுரத்தின் கல்லில், திரும்பி வராத 600க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகத்தாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. உணவு மண்டபம், நூலகம், நீச்சல் தடாகம், நாடக அரங்கு, தேவாலயம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வகுப்பறை மட்டும் இல்லை. வகுப்புக்கு வெளியே மனிதர் எதனால் மனிதராகிறாரோ அதற்கான வீடு இது என்பதே மெசியின் எண்ணம். சுவர்களும் வெறுமனே இருக்கக்கூடாது என்று அவர் கருதினார்.

1920களில் அந்தச் சுவர்களுக்கு ஓவியங்கள் வந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த அத்தனைக்கும் அதுவே வித்து. எழுவர் குழுவினர் 1920 மே மாதத்தில் தங்கள் முதற் கண்காட்சியை நகரத்துக் கலைக்கூடத்தில் வைத்தபோது வாங்குவோர் அரிது. ஏளனம் செய்தோர் உண்டு. பாறையும் சதுப்பும் காற்றில் வளைந்த பைன் மரமும் ஓவியத்துக்குரிய பொருளா என்று கேட்ட காலம். அக்காலத்தில் ஹார்ட் ஹவுஸில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்த ஒரு கலைக்குழு, ஆண்டுதோறும் கைக்கு எட்டிய பணத்தில் உயிரோடிருக்கும் கனடிய ஓவியர் ஒருவரின் படத்தையாவது வாங்குவது என்று வழக்கப்படுத்திக்கொண்டது. ஏ.வை. ஜக்சனின் ஜோர்ஜியன் விரிகுடா, நவம்பர் என்ற ஓவியமே அந்தத் தொகுப்பின் முதற் கொள்வனவு. பேர் பெற்ற பிறகு வாங்குவது எவருக்கும் இயலும். பேர் பெறுமுன், அதுவும் இருபது வயதுப் பிள்ளைகள் வாக்களித்து வாங்கினார்கள் என்பதில்தான் நமக்குப் பெருமை.

வாங்கிய ஓவியங்களைக் கயிறு கட்டி, காவலாளியை நிறுத்தி வைக்கவில்லை. வாசிப்பறையிலும் படிக்கட்டிலும் சாப்பாட்டு மேசைக்கு மேலும் மாட்டினார்கள். ஓவியக் கூடமாக ஒதுக்கப்பட்ட அறையில் காட்சிகள் மாறி மாறி நடந்தன. 1921 முதல் 1947 வரை அந்த வீட்டின் பொறுப்பாளராக இருந்த பேர்கன் பிக்கர்ஸ்ரெத் இந்த வழக்கத்தை ஒரு கால் நூற்றாண்டு காத்துத் தந்தார். 1917இல் கனோ ஏரியில் மாண்ட ஓவியர் ரொம் தொம்சனின் மரப்படகுக் காட்சியும் இத்தொகுப்புக்கு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு சிறு குறிப்பு. 1990களில் இப்பல்கலைக்கழகத்தில் படித்தபோது, பனியில் நனைந்த சப்பாத்தைக் கழற்றிக் கணப்பருகே காயவைத்துவிட்டு, ஹார்ட் ஹவுஸ் வாசிப்பறைக் கதிரையில் தூங்கி எழுவது என் வழக்கம். தலைக்கு மேலே ஒரு காட்டு ஏரி தொங்கும். அது அச்சுப்படமல்ல, மூலப்படம் என்பதைப் பட்டம் பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின், என் மகளைக் கூட்டிக்கொண்டு போன நாளில்தான் அறிந்துகொண்டேன். அப்படி அறியாமலே கலையோடு பழகியவர்கள் நம்முள் பலர்.

முப்பதுகளின் பொருளாதார முடக்கமும் அடுத்து வந்த இரண்டாம் உலகப் போரும் மெலிந்த காலங்கள். ஆயினும் காட்சிகள் நிற்கவில்லை. மேற்குக் கரையில் தனித்து உழைத்த எமிலி கார் 1928இல் தீட்டிய கிட்வன்கூல் குலமரபுத் தூண்கள் என்ற ஓவியம் இந்தத் தொகுப்பில் இடம்பெற்றது. போர் முடிந்தபின், வின்சென்ற் மெசி தலைமையேற்ற அரச ஆணைக்குழு 1949 முதல் 1951 வரை நாடெங்கும் சென்று கலைகளின் நிலையை ஆராய்ந்தது. அதன் பரிந்துரையால் 1957இல் கனடாக் கலை மன்றம் பிறந்தது. 1952இல் மெசி, கனடாவில் பிறந்த முதல் ஆளுநர் நாயகமானார். ஹார்ட் ஹவுஸ் சுவரில் சிறிதாகச் செய்து பார்த்ததை அவர் நாட்டளவில் செய்தார் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்க இயலாது. எமிலி கார் போன்ற ஒரு பெண் வரைந்த படத்துக்கு இடம் கொடுத்த வீட்டில் பெண்களுக்கு உறுப்புரிமை இல்லை. கொடை கொடுத்தவர்கள் ஆண் மாணவருக்கென்றே கொடுத்திருந்தார்கள். 1957 நவம்பரில் அமெரிக்காவின் இளம் செனற்றர் ஜோன் கெனடி அங்கு விவாதம் பேச வந்தபோது, மாணவிகள் சிலர் உள்ளே போக முயன்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெளியே குளிரில் பதாகையோடு நின்றவர்களும் உண்டு. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. 1972இல் கதவு முழுமையாகத் திறந்தது. நம் வீட்டின் முதன்மைகளைப் பட்டியலிடும்போது அந்த ஆண்டைத் தொடக்க ஆண்டுக்குச் சமமாக வைத்து எண்ணுவதே நியாயம்.

இதே காலத்தில் பல்கலைக்கழகம் நகரின் ஓரங்களுக்கும் பரவியது. மிசிசாகாவில் அப்போது எரின்டேல் எனப்பட்ட கல்லூரிக்கு 1969இல் நியூஃபவுன்லாந்தின் செதுக்கோவியர் டேவிட் பிளாக்வுட் உறைவிடக் கலைஞராக வந்தார். அங்குள்ள கலைக்கூடம் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

1980கள் இரண்டு நற்பேறுகளைக் கொண்டுவந்தன. நியூயோர்க்கில் உளப்பகுப்பாய்வு மருத்துவராக வாழ்ந்த லிலியன் மல்கோவ் அம்மையார், தம் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த ஏறத்தாழ 500 கலைப்பொருள்களை நம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்துவிட்டு மறைந்தார். ஆதிக் கிறிஸ்தவ விளக்குகள், பைசாந்தியத் திருவுருவங்கள், தந்தச் செதுக்கல்கள் என்று விரியும் அத்தொகுப்பின் மணிமுடி, ஜேர்மானிய மேதை லூக்காஸ் கிரனாக் 1538இல் தீட்டிய ஆதாமும் ஏவாளும். மனித மனத்தின் ஆழத்தைத் தோண்டியவர் இந்தப் படத்தை விரும்பியதில் வியப்பில்லை. மற்றையது, 1983இல் ஹார்ட் ஹவுஸில் திறக்கப்பட்ட ஜஸ்ரினா எம். பார்னிக்கி கலைக்கூடம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறைகளிலும் நடைபாதைகளிலும் வாழ்ந்த கலைக்கு அப்போதுதான் முறையான காட்சிக்கூடம் வாய்த்தது.

மல்கோவ் தொகுப்பு உரிய இடத்துக்குக் காத்திருந்தது. 1996இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கலை மையம் திறக்கப்பட்டபோது அந்த இடம் கிடைத்தது. யுனிவர்சிற்றிக் கல்லூரிக் கட்டடத்தின் வடக்குப் பக்கம் அது. அந்தக் கட்டடத்துக்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1890 பெப்ரவரி 14ஆம் திகதி மாலை, பெருவிருந்துக்காக வேலையாட்கள் மண்ணெண்ணெய் விளக்குகளைத் தட்டில் வைத்துப் படியேறுகையில் தட்டுச் சரிந்தது. மரப்படியில் பிடித்த தீ, கட்டடத்தின் பெரும்பகுதியையும் நூலகத்தின் 30,000க்கும் மேற்பட்ட நூல்களையும் விழுங்கியது. மீட்க முடிந்தவை நூறுகூட இல்லை. நூலகம் எரிவது என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய பல்கலைக்கழகத்தார் அந்தக் கருகிய சுவர்களை இடித்துத் தள்ளாமல் திரும்பக் கட்டினார்கள். அந்தக் கல்லூரியில்தான் இன்று கிரனாக்கின் ஏவாள் அப்பிளை நீட்டுகிறாள்.

புத்தாயிரத்தில் வேகம் கூடியது. நம்மவர் அதிகம் வாழும் ஸ்காபரோ வளாகத்தில் 2004இல் டொரிஸ் மக்கார்த்தி கலைக்கூடம் திறக்கப்பட்டது. பாறைமுகடுகளையும் வட துருவப் பனிப்பாறைகளையும் வரைந்த டொரிஸ் மக்கார்த்தி, ஸ்காபரோவின் ஏரிக்கரை முகட்டில் வீடு கட்டி வாழ்ந்தவர். இவ்வளாகத்தின் மாணவியாகி, எழுபது கடந்த பின்னர், 1989இல் பட்டம் பெற்றவர்.

2005இல் பார்னிக்கி கலைக்கூடத்தின் பொறுப்பை பார்பரா ஃபிஷர் ஏற்றார். 2009இல் வெனிஸ் ஈராண்டுக் கலை விழாவின் கனடா அரங்கை நடத்தும் பொறுப்பு இச்சிறு கலைக்கூடத்துக்குக் கிடைத்தது. அங்கு காட்டப்பட்டவை மார்க் லூயிஸின் ஒலியில்லாப் படங்கள். ரொறன்ரோ நகரசபை முன்றலில் குளிர்கால இரவில் சறுக்கி விளையாடும் ஒரு சோடி. நடைபாதையில் ஆவி எழும் இரும்புக் கிராதி அருகே, தன் படுக்கையை விடியற்காலையில் மடித்து மடித்து அடுக்கும் வீடற்ற ஒரு மனிதர். நாம் தினமும் வேலைக்குப் போகும் வழியில் பார்த்தும் பாராமல் கடக்கும் அந்த மனிதரை, இத்தாலியில் உலகம் நின்று பார்த்தது.

அடுத்த ஆண்டு, 2010இல், 1965 முதல் 1980 வரையான கனடாவின் எண்ணக்கருக் கலையைத் திரட்டிய பெருங்கண்காட்சி நடந்தது. நகர மையத்தின் இரு கூடங்கள், மிசிசாகா, ஸ்காபரோ என நான்கு இடங்களில், பல்கலைக்கழகத்தின் மூன்று வளாகங்களும் சேர்ந்து தோள் கொடுத்த முதற்பெரும் முயற்சி அது. எண்ணக்கருக் கலை என்றதும் சிலர் புருவம் நெரிப்பதுண்டு. அந்த இயக்கத்தின் ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் விளங்கும். 1971இல் ஹலிபக்ஸ் கலைக் கல்லூரி, கலைஞர் ஜோன் பால்டெசாரியைக் காட்சி வைக்க அழைத்தது. அவர் வரவில்லை. இனிச் சலிப்பூட்டும் கலை செய்யமாட்டேன் என்ற ஒரே வாக்கியத்தை மாணவர்கள் சுவர் முழுவதும் திரும்பத் திரும்ப எழுதட்டும் என்று அறிவுறுத்தல் மட்டும் அனுப்பினார். பாடசாலையில் நூறு முறை எழுதி வாங்கிய தண்டனை நமக்கும் நினைவிருக்கும். பொருளைவிட எண்ணமே கலை என்பது இவ்வளவுதான். கண்காட்சி பின்னர் எட்மன்ரன், ஹலிபக்ஸ், மொன்றியல், வன்கூவர் என்று நாட்டைச் சுற்றியது.

2014இல் ஹார்ட் ஹவுஸின் பார்னிக்கி கூடமும் யுனிவர்சிற்றிக் கல்லூரியின் கலை மையமும் ஒரே நிருவாகத்தின் கீழ் இணைந்தன. நமது கலை அருங்காட்சியகம் பிறந்தது இவ்வாறே. பெருங்கட்டடம் ஒன்று எழுப்பித் திறப்பு விழாச் செய்யவில்லை. சில நிமிட நடை தூரத்திலிருந்த இரு வீடுகளைச் சம்பந்தம் செய்து வைத்தார்கள். அதே ஆண்டு அனிஷினாபே கலைஞர் ரெபேக்கா பெல்மோரின் க்வே கண்காட்சி நடந்தது. க்வே என்றால் அவர் மொழியில் பெண். தொகுத்தவர் வாண்டா நானிபுஷ். 2005இல் வெனிஸில் கனடாவின் சார்பில் காட்சி வைத்த முதல் முதற்குடிப் பெண் பெல்மோர். பெண்களுக்குக் கதவடைத்த வீட்டில் அந்தத் தலைப்போடு ஒரு கண்காட்சி!

2017இல் கனடா தன் 150ஆம் ஆண்டைக் கொண்டாடியது. எங்கும் கொடி, எங்கும் வாணவேடிக்கை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நமது அருங்காட்சியகம் க்ரீ இனத்து ஓவியர் கென்ற் மொங்க்மனின் வெட்கமும் தப்பெண்ணமும்: மீண்டெழுதலின் கதை என்ற கண்காட்சியைத் திறந்தது. கனடாவின் தந்தையர் என்று ஒவ்வொரு பாடநூலிலும் வரும் குழு ஓவியத்தை றொபேட் ஹரிஸ் 1884இல் தீட்டியிருந்தார். மூலப்படம் 1916இல் நாடாளுமன்றத் தீயில் அழிந்தது. மொங்க்மன் அந்தத் தந்தையரை மீண்டும் தீட்டி, அவர்கள் முன்னே ஹட்சன் பே கம்பளி விரித்த ஆசனத்தில் தன் கற்பனைப் பாத்திரமான மிஸ் சீஃபை ஆடையின்றி உட்காரவைத்தார். பார்ப்பவர் முதலில் சிரிப்பார். அடுத்த அறையில் அலறல் என்ற ஓவியம். சிவப்புச் சீருடைப் பொலிசாரும் பாதிரிமாரும் கன்னியரும் முதற்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரின் கையிலிருந்து பறித்து வதிவிடப் பாடசாலைக்கு இழுக்கிறார்கள். ஒரு தாய் நிலத்தில் இழுபட்டபடி கை நீட்டுகிறாள். அந்த ஓவியத்தின் இருபுறமும் சுவரில் பழைய குழந்தைத் தூளிப் பலகைகள் தொங்கின. சில இடங்களில் பலகை இல்லை. அதன் உருவரை மட்டும் சுண்ணக்கோடாக இருந்தது.

பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மாரைக் கொண்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவர்கள் அந்தச் சுவரின் முன் வேறு விதமாகத்தான் நின்றிருப்பார்கள். கண்காட்சி கல்கரி, கிங்ஸ்ரன், சார்லட்ரவுன், மொன்றியல், வினிபெக் எனக் கடந்து 2020இல் வன்கூவரின் மானிடவியல் அருங்காட்சியகத்தை அடைந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் அந்த அருங்காட்சியகத்தை நம்மவர் அறிவார்கள். 2010இல் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், அங்கு வாழும் ஈழத்தமிழரிடம் வீடு என்றால் நினைவில் நிற்கும் பொருள்களைக் கேட்டு வாங்கி, போத்தல்களில் இட்டுக் காட்சிக்கு வைத்தது அங்கேதான்.

2019இல் ஹார்ட் ஹவுஸுக்கு நூறு வயது. மாலையும் மேளமும் மட்டும் போதும் என்று விடாமல், டியானா போவன் என்ற கறுப்பினக் கலைஞரிடம் வீட்டின் ஆவணங்களையே திறந்து கொடுத்தார்கள். 1922இல் ஹார்ட் ஹவுஸ் அரங்கில் கரொல் ஏய்கின்ஸின் தெய்வங்களின் தெய்வம் நாடகம் மேடையேறியது. முதற்குடிகளின் வாழ்வைச் சொல்வதாகக் கூறிய அந்நாடகத்தை எழுதியவரும் முதற்குடியல்லர், நடித்தவர்களும் அல்லர். போவன் அதை எடுத்து வைத்துக் கேள்வி கேட்டார். தன் நூற்றாண்டு விழாவில் தன்னையே விசாரிக்க விருந்தாளியை அழைக்கும் வீடு எத்தனை உண்டு?

2020 மார்ச்சில் கொரோனா எல்லாக் கதவுகளையும் பூட்டியது. இணையவழிக் காட்சிகளால் அக்காலம் கடந்தது. 2021 இலையுதிர் காலத்தில் விஞ்ஞானிகளும் கலைஞர்களும் சேர்ந்த ஒரு குழு, பேரேரிகளின் கரையில் பொறுக்கிய பிளாஸ்ரிக் மணிகளை மையமாக வைத்துக் கண்காட்சி நடத்தியது. கண்காட்சி வைப்பதால் சேரும் குப்பையைக் குறைப்பது எப்படி என்று கைந்நூல் ஒன்றும் தந்தார்கள்.   

இன்று கலை அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆண்டுதோறும் ஷெல்லி பீற்றர்சன் பெயரிலான மாணவர் கண்காட்சி மூன்று வளாகங்களின் பிள்ளைகளின் படைப்புகளைச் சுவரேற்றுகிறது. காட்சி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது போய்ப் பார்ப்பவருக்கு ஒரு சுகம் உண்டு. கையுறை அணிந்த மாணவி ஒருத்தி நீர்மட்டக் குழாயைச் சட்டத்தின் மேல் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை ஒரு மூலையைச் சற்றே உயர்த்துகிறாள். பின்னால் நிற்பவன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்கிறான்.